ஒன்றரை ஷிப்டுக்கு எட்டாத மாத்திரை

திருப்பூரில் காலை எட்டரைக்கு மெஷினில் உட்காரும் டெய்லர் ஒன்றரை ஷிப்ட் முடித்து எழும்போது மணி இரவு எட்டரை, ஒன்பது ஆகிவிடும். 2023 ஜூனில் தமிழக அரசு 500 நகர்ப்புற நலவாழ்வு மையங்களைத் திறந்தது. வேலைக்குப் போகிறவர்களும் வர வேண்டும் என்றுதான் காலை 8 முதல் 12 வரை, மாலை 4 முதல் 8 வரை என்று நேரம் வைத்தார்கள். ஆனால் பனியன் கம்பெனித் தொழிலாளர் கேட்டைத் தாண்டும் முன்பே அங்கே கதவைச் சாத்திவிடுகிறார்கள்.

2021 ஆகஸ்ட் 5-ம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், பிரஷர், சுகர் மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தது. 2024-ல் ஐ.நா. விருதும் பெற்றது. எத்தனை லட்சம் பேரைப் பரிசோதித்தோம் என்ற கணக்கைத்தான் இத்தகைய திட்டங்கள் முதலில் சொல்லும். நாம் கேட்க வேண்டியது, எத்தனை பேருக்கு நோய் கட்டுக்குள் இருக்கிறது என்பது. 2020-ல் தமிழகத்தில் எடுத்த ஆய்வின்படி, உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்களில் 100-க்கு 7.3 பேருக்குத்தான் அது கட்டுக்குள் இருந்தது. அடுத்த சுற்று ஆய்வில் இது 17 ஆனது. இரண்டு மடங்குக்கு மேல் உயர்வு என்பதால் திட்டம் பலன் தந்திருக்கிறது என்று தயங்காமல் சொல்லலாம். அப்படியும் மீதி 83 பேர் பக்கவாதத்துக்கும் மாரடைப்புக்கும் சிறுநீரகச் செயலிழப்புக்கும் பக்கத்தில்தான் இருக்கிறார்கள்.

பகலில் வீடு தேடி வரும் தன்னார்வலர், வேலைக்குப் போனவரைப் பார்க்க முடியாது. பாட்டிக்கு மாத்திரை கிடைக்கும். ஓவர்லாக் ஓட்டும் 42 வயது மகனுக்கு பிரஷர் இருப்பதே தெரியாமல் போகும். பீஸ் ரேட்டில் தைப்பவருக்கு, எழுந்து போகும் ஒவ்வொரு நிமிடமும் சனிக்கிழமைச் சம்பளத்தில் குறையும். பாத்ரூம் போகாமல் இருக்கத் தண்ணீரைக் குறைப்பார். நடுவில் சர்க்கரை தூக்கலாக ஒரு டீ, கூடவே ஒரு வடை. தலை லேசாகச் சுற்றினால் தூக்கம் போதவில்லை என்று நினைத்துக்கொள்வார். உயர் ரத்த அழுத்தம் பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாது. அதனால்தான் மாத்திரை ஆரம்பித்தவர்களும் "நல்லாத்தானே இருக்கேன்" என்று நிறுத்திவிடுகிறார்கள்.

வேலைக்குப் போனவர் விடுபடும் இந்த ஓட்டையை அடைக்கத்தான் 2024 ஜனவரியில் தொழிலாளரைத் தேடி மருத்துவம் தொடங்கியது. பரிசோதனை கம்பெனிக்குள்ளேயே நடக்கும். திருப்பூருக்கு இதைவிடப் பொருத்தமான வழி இல்லை என்பது என் எண்ணம். ஆனால் இது பெரிய ஏற்றுமதி கம்பெனிகளோடு நின்றுவிடக் கூடாது. சந்துகளில் ஏழெட்டு மெஷின் போட்டு ஜாப் ஒர்க் எடுக்கும் பவர் டேபிள்களுக்குள்ளும் பிரஷர் கருவி போக வேண்டும். பத்துப் பேருக்குக் குறைவாக இருப்பதால் அங்கே பெரும்பாலும் இ.எஸ்.ஐ. காப்பீடும் இருப்பதில்லை.

இ.எஸ்.ஐ. இருப்பவர்கள் தங்கள் உரிமையைக் கணக்கோடு தெரிந்துகொள்ள வேண்டும். மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவருக்கு 0.75 சதவீதம் பிடிப்பார்கள், முதலாளி 3.25 சதவீதம் கட்ட வேண்டும். நீங்கள் 12,000 ரூபாய் வாங்கினால் உங்கள் பங்கு 90 ரூபாய், முதலாளி பங்கு 390 ரூபாய். ஆறு மாதத்தில் 78 நாளுக்குப் பணம் கட்டியிருந்தால், டாக்டர் சான்றிதழோடு எடுக்கும் ஓய்வுக்கு ஆண்டுக்கு 91 நாள் வரை 70 சதவீதச் சம்பளம் கிடைக்கும். முதல் 2 நாளுக்குப் பொதுவாகக் கிடைக்காது. சிறுநீரகச் செயலிழப்பு, பக்கவாதம் உள்ளிட்ட 34 நீண்டகால நோய்களுக்கு 80 சதவீதம் வரை, 2 ஆண்டு வரை நீட்டிப்பு உண்டு. அதற்கு 2 ஆண்டு தொடர்ச்சியான வேலைப் பதிவு வேண்டும். கூலி ஐந்து ரூபாய் கூடுதல் என்று கம்பெனி மாறும்போது பலர் புதிய இ.எஸ்.ஐ. எண் வாங்கிவிடுகிறார்கள், பழைய பதிவு அறுந்துபோகிறது. சேரும் அன்றே பழைய எண்ணைக் கொடுங்கள்.

திருப்பூரின் 100 படுக்கை இ.எஸ்.ஐ. மருத்துவமனைக்கு 2019 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டி, 2024 பிப்ரவரியில்தான் திறந்தார்கள். இத்தனை ஆண்டு காத்துக் கிடைத்ததைப் பயன்படுத்தாமல் விடுவது நமக்கே நஷ்டம். 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளின்படி, 40 வயது கடந்தவர்களுக்கு ஆண்டுதோறும் இலவச உடல் பரிசோதனை உண்டு என்று மத்திய அரசு அறிவித்துள்ளது. மேனேஜரிடம் தேதி கேளுங்கள். தனியாகக் கேட்கத் தயக்கமென்றால் லைனில் நான்கு பேர் சேர்ந்து, அல்லது சங்கம் மூலமாகக் கேளுங்கள்.

வெவ்வேறு நாட்களில் பார்த்தும் பிரஷர் 140/90-க்கு மேலே இருந்தாலோ, வெறும் வயிற்றில் சுகர் 126-ஐத் தொட்டாலோ தள்ளிப்போடாதீர்கள். அரசு மையங்களில் மாத்திரை இலவசம். ஒடிசா, பிகாரிலிருந்து வந்தவர்களுக்கும்தான். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை ஆஸ்பத்திரியில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்கானது. மாதாமாதம் மாத்திரை வாங்க அது வேண்டியதில்லை. பக்கத்தில் எந்த மையம் என்று தெரியாவிட்டால் 104-க்கு போன் செய்து கேட்கலாம்.

முதலாளிகள் சங்கங்களிடம் ஒரு கோரிக்கை. மாதம் ஒரு நாள், கூலியைப் பிடிக்காமல் அரை மணி நேரம், மாத்திரை வாங்கவும் பிரஷர் பார்க்கவும் ஒதுக்குங்கள். நலவாழ்வு மையங்களை இரவு பத்து வரை திறந்துவைப்பது அரசின் கையில் இருக்கிறது. பனியன் கம்பெனிகள் நெருங்கிய வார்டுகளிலிருந்து அதைத் தொடங்கலாம்.