ஒட்டறுவை மருத்துவரைத் தெரிந்து தெளிதல்

1675ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் கொச்சியில் ஒரு மருத்துவர் தம்மைப் பற்றிய சான்றுரை ஒன்றை அளித்தார். அவர் பெயர் இட்டி அச்சுதன். டச்சுக் கம்பெனியின் மலபார்ப் பகுதித் தலைவராக இருந்த வான் ரீட், மலையாள நாட்டு மூலிகைகளைப் பற்றிய பெருநூலைத் தொகுப்பதில் ஈடுபட்டிருந்த காலம் அது. தாம் எவ்வூரினர், எக்குடியினர், செடிகளின் குணங்களை எவ்வாறு அறிந்தவர் என்பதை அச்சுதனார் தம் எழுத்தில் எழுதித் தர, இம்மானுவேல் கர்னேரோ என்ற மொழிபெயர்ப்பாளர் அதைப் போர்த்துகீசிய மொழியில் பெயர்த்தார். ரங்க பட்டர், விநாயக பண்டிதர், அப்பு பட்டர் என்ற கொங்கணி மருத்துவர் மூவரும் தனியே ஒரு சான்றுரை தந்தனர். 1678இல் ஆம்ஸ்டர்டாமில் 'ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்' என்னும் அந்நூலின் முதற் பகுதி அச்சானபோது, மூலிகைப் படங்களுக்கு முன்னர் இச்சான்றுரைகளும் இடம்பெற்றன. மருந்தைச் சொல்பவர் யார் என்பது தெரிந்தால்தான் மருந்தை நம்பலாம் என்ற முறைமை கொச்சி மண்ணுக்குப் புதிதன்று.

மட்டாஞ்சேரிக் கடைத்தெருவில் மிளகு வாங்குவோர், மூட்டைக்குள் கையை விட்டு ஒரு பிடி எடுத்து உள்ளங்கையில் உருட்டிப் பார்த்த பின்னரே விலை பேசுவர். தம் முகத்தையோ வயிற்றையோ கத்திக்கு ஒப்படைக்கப் போகிறவர் பலர் அவ்வளவு ஆராய்ச்சிகூடச் செய்வதில்லை. எந்த நகரத்திலும் இன்று பெரிய பலகைகளுக்குக் குறைவில்லை. மூக்கு எடுப்பாகும், வழுக்கை மறையும், கொழுப்புக் கரையும் என்று அவை கூறும். பண்டிகைக் காலத்தில் கட்டணக் கழிவும் உண்டு. கத்தி எடுப்பவரின் பெயரும் பட்டமும் மட்டும் பலகையின் மூலையில் சிறிய எழுத்தில் இருக்கும். சில இடங்களில் அதுவும் இராது.

இதனால் விளையும் தீங்கு கற்பனையன்று. 2016இல் சென்னையில், தலையில் முடி நடும் சிகிச்சை செய்துகொண்ட இளைஞர் ஒருவர் இரண்டே நாட்களில் உயிர் துறந்தார். அவர் மருத்துவக் கல்லூரி மாணவர் என்பதை எண்ணுந்தோறும் நெஞ்சம் கனக்கிறது. சிகிச்சை நடந்த இடத்துக்கு முடிதிருத்தகத்துக்கான உரிமமே இருந்தது எனப் பின்னர் அதிகாரிகள் கண்டனர். 2025இல் திருவனந்தபுரத்தில், வயிற்றுக் கொழுப்பை நீக்கும் அறுவைக்குப் பின் கடும் நோயுற்ற இளம்பெண் ஒருவருக்கு ஒன்பது விரல்களை அகற்ற நேர்ந்தது. கற்றறிந்தவர்களே இவ்வாறு அகப்பட்டுக் கொள்வராயின், மற்றையோர் நிலையைச் சொல்ல வேண்டுவதில்லை.

சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை கூறிவிட்டு மேலே செல்வோம். 'பிளாஸ்டிக் சர்ஜரி' என்பதைச் சிலர் 'நெகிழி அறுவை' என்று பெயர்த்துவிடுகின்றனர். அதைப் படித்த ஒருவர், உடம்புக்குள் பிளாஸ்டிக்கை வைத்துத் தைப்பார்கள் போலும் என்று அஞ்சினால் அவரைக் குறை கூற இயலாது. உருவாக்குதல், வனைதல் என்ற பொருளுடைய கிரேக்கச் சொல்லினின்றும் பிறந்த பெயர் அது. இன்றைய வாளியும் பையும் தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்பே, பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஜெர்மன் மருத்துவர்கள் அதை வழங்கினர். உடலின் ஓரிடத்துத் தோலையும் தசையையும் எடுத்து மற்றோரிடத்தில் ஒட்டி உருவமைக்கும் இக்கலைக்கு 'ஒட்டறுவை' என்ற பெயர் பொருந்துவதால் நாம் அதையே ஆள்கிறோம்.

இக்கலை நம் நாட்டுக்கு அந்நியமானதன்று. கனத்த காதணிகளால் அறுந்த காதுமடலை ஒட்டுவதற்குப் பதினைந்து வகைகளைச் சுசுருத சங்கிதை கூறுகிறது. பாம்படம் அணிந்து காது வளர்த்த பாட்டிமார் வாழ்ந்த தமிழ்நாட்டில் அந்தப் பகுதி எவ்வளவு பயன்பட்டிருக்கும்! இன்றும் நம் குடும்பங்களில் பலர் ஒட்டறுவை மருத்துவரை முதன்முதல் நாடுவது, நடிகையின் மூக்கைப் போல் மூக்கு வேண்டி அன்று. தோடு அறுத்த காதைத் தைத்துக் கொள்வதற்கே. மூக்கறுபட்டவர்க்கு மூக்கு அமைக்கும் முறையும் அந்நூலில் உண்டு. 1792ஆம் ஆண்டுப் போரில் திப்பு சுல்தானின் படையினரிடம் அகப்பட்டு மூக்கை இழந்த கவாஸ்ஜி என்ற மாட்டு வண்டிக்காரருக்கு, புனே அருகே செங்கல் செய்யும் குலத்தைச் சேர்ந்த ஒருவர் நெற்றித் தோலைத் திருப்பி இறக்கி மூக்கமைத்தார். ஆங்கில மருத்துவர் இருவர் பார்த்து நின்ற அச்செய்தி, 1794 அக்டோபரில் லண்டனின் 'ஜென்டில்மேன்ஸ் மாகஸீன்' இதழில் படத்துடன் வெளிவந்தது. அதைப் பின்பற்றி ஜோசப் கார்ப்யூ என்ற லண்டன் மருத்துவர் அவ்வறுவையைச் செய்தது 1814இல்தான். கண்டவுடன் கத்தியைத் தூக்காமல் இருபதாண்டுகள் பொறுத்த அவருடைய பண்பு போற்றத்தக்கது. இன்று இரண்டு நாள் பயிலரங்கில் கற்றுக்கொண்டு மூன்றாம் நாள் பலகை மாட்டுவோரும் உளர்.

இக்காலத்திலும் நம் நாட்டில் இக்கலை வளர்ந்த இடங்கள் அழகு நிலையங்கள் அல்ல. கொல்லிமலையில் பிறந்த பால் பிராண்ட், 1940களின் பிற்பகுதியில் வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில், தொழுநோயால் மடங்கிப்போன விரல்களைத் தசைநாண் மாற்றி நிமிர்த்தினார். நாகபுரி மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சி. பாலகிருஷ்ணன் 1958இல் ஒட்டறுவைக்கெனத் தனித்துறை அமைத்தார். சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் டாக்டர் ஆர். வெங்கடசாமி, எந்திரங்களில் நசுங்கிய கைகளுக்கென ஒரு பிரிவை வளர்த்தார். கொச்சிக்கு வடக்கே திருச்சூர் ஜூபிலி மிஷன் மருத்துவமனைக்கு 1959இல் வந்து சேர்ந்த டாக்டர் அடென்வாலா, நெடுங்காலம் அங்கே பணியாற்றி, உதடும் அண்ணமும் பிளவுற்றுப் பிறந்த ஆயிரக்கணக்கான குழந்தைகளுக்கு முகம் கொடுத்தார். கொச்சி இடப்பள்ளியில் உள்ள அமிர்தா மருத்துவமனையில், 2015 ஜனவரியில், டாக்டர் சுப்பிரமணிய ஐயரின் தலைமையில் இருகைகளையும் இழந்த ஓர் இளைஞருக்கு, இறந்தவர் ஒருவரின் கைகள் பொருத்தப்பெற்றன. இந்தியாவில் நடந்த முதற் கைமாற்று அறுவை அதுவே.

நாம் ஏன் இவ்வளவு தூரம் சுற்றி வருகிறோம் எனில், தேர்வுக்குரிய முதல் உரைகல் இங்கேதான் கிடைக்கிறது. அழகுக்காகச் செய்யும் அறுவையும், தீப்புண்ணுக்கும் விபத்துக்கும் செய்யும் அறுவையும் வெவ்வேறு கலைகள் அல்ல. ஒரே கலையின் இரு பக்கங்கள். வெந்து சுருங்கிய கழுத்தை நிமிர்த்தியவருடைய கை, தோலுக்கு இரத்தம் எவ்வழியே வருகிறது, எவ்வளவு இழுத்தால் அது கறுத்துப் போகும், தழும்பு எத்திசையில் விரியும் என்பவற்றை அறிந்த கை. ஆகவே, மூக்கைத் திருத்தவோ வயிற்றைச் சுருக்கவோ விரும்புகிறவர் மருத்துவரிடம் கேட்க வேண்டிய முதற்கேள்வி, 'இது தவிர வேறு என்ன செய்கிறீர்கள்?' என்பதே. தீப்புண் பிரிவும் கைப்பிரிவும் உள்ள மருத்துவமனைகளில் இம்மருத்துவர்கள் பணியாற்றுகின்றனர். திருவனந்தபுரம், கோட்டயம், கோழிக்கோடு அரசு மருத்துவக் கல்லூரிகளில் ஒட்டறுவைத் துறைகள் உள்ளன. நம் குடும்ப மருத்துவரிடம், 'உங்கள் மகளுக்குக் கை வெந்தால் யாரிடம் அனுப்புவீர்கள்?' என்று கேட்டுப் பாருங்கள். அவர் சொல்லும் பெயர் பலகைகளில் காணப்படாத பெயராக இருத்தலும் கூடும்.

அடுத்தது பட்டம். எம்.பி.பி.எஸ். என்பது மருத்துவத்தின் வாயிற்படி. உள்ளிருப்புப் பயிற்சியுடன் ஐந்தரை ஆண்டுகள். அதன் மேல் பொது அறுவையில் எம்.எஸ். மூன்றாண்டுகள். அதற்கும் மேல் ஒட்டறுவையில் எம்.சிஎச். மூன்றாண்டுகள்; தேசியத் தேர்வு வாரியம் வழங்கும் இணையான பட்டமும் உண்டு. ஆகப் பதினோராண்டுகளுக்கு மேற்பட்ட கல்வி. 'காஸ்மெட்டிக் சர்ஜன்' என்ற பெயரின் பின்னே இக்கல்வி இருந்தே தீரும் என்று எண்ணிவிடலாகாது. சில வாரப் பயிற்சிக்குக் கிடைத்த 'ஃபெல்லோஷிப்' என்ற தாளும், ஏதோ ஒரு சங்கத்தின் உறுப்பினர் அட்டையும் சுவரில் அழகாகத் தொங்கும், அவை பட்டமாகா. உரிய சிறப்புப் பட்டம் இன்றி ஒருவர் தம்மைச் சிறப்பு மருத்துவர் எனக் கூறிக்கொள்ளலாகாது என்று 2002ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகள் கூறுகின்றன. மருந்துச் சீட்டிலும் பணச் சீட்டிலும் பதிவெண் இருத்தல் வேண்டும் என்பதும் அவ்விதிகளே. அந்த எண்ணைக் கொண்டு மாநில மருத்துவ மன்றத்தின் பதிவேட்டிலும் தேசிய மருத்துவ ஆணையத்தின் பதிவேட்டிலும், இருந்த இடத்தில் இருந்தே எவரும் பெயரைத் தேடிப் பார்க்கலாம். கூடுதல் பட்டம் பதிவாகியுள்ளதா என்பதையும் சேர்த்துக் காண்க. இதற்குச் செலவில்லை, கால் மணி நேரம் போதும்.

இங்கே ஒரு விலக்கையும் சொல்ல வேண்டும். காது மூக்கு தொண்டை மருத்துவர் மூக்கைத் திருத்துவதும், தோல் மருத்துவர் முடி நடுவதும் முறையற்றன அல்ல. அவரவர் கல்வியில் அவற்றுக்கு இடமுண்டு. பயிலரங்கிலும் யூடியூபிலும் பார்த்துக் கற்றது பயிற்சி ஆகாது என்றும், முடி நடுபவர் முறையான அறுவைப் பயிற்சி பெற்ற பதிவு மருத்துவராக இருத்தல் வேண்டும் என்றும் 2022 செப்டம்பரில் தேசிய மருத்துவ ஆணையம் அறிவுறுத்தியது. எனினும் பல நிலையங்களில், ஆலோசனை கூறும்போது மருத்துவரும், நடும்போது உதவியாளரும் இருப்பதாகவே கேள்விப்படுகிறோம். 'கத்தியைப் பிடிப்பவர் தாங்களேயா?' என்று கேட்கத் தயங்கலாகாது.

மருத்துவர் தகுதியுடையவராயினும் இடம் தகுதியற்றதாயின் பயனில்லை. இன்னும் சொல்லப்போனால், இவ்வகை அறுவைகளில் உயிர்க்கு நேரும் இடர் பெரும்பாலும் கத்தியால் வருவதன்று. மயக்க மருந்தாலும், உடலின் நீரளவு மாறுவதாலும், இரத்தக் குழாயில் கொழுப்போ உறைந்த இரத்தமோ அடைப்பதாலும், கிருமியாலும் வருவது. ஆகையால் மயக்க மருந்து கொடுப்பவர் அத்துறையில் பட்டம் பெற்றவரா, அறுவை முடியும்வரை உடன் இருப்பாரா, இரவு இரண்டு மணிக்கு மூச்சுத் திணறினால் அருகில் இருப்பவர் யார், தீவிர சிகிச்சைப் பிரிவு அதே கட்டடத்தில் உண்டா என்பவற்றை வினவ வேண்டும். ஒரே நாளில் கொழுப்பு நீக்கமும், வயிற்றுச் சுருக்கமும், முகத்திருத்தமும் சேர்த்துக் குறைந்த கட்டணத்தில் முடித்துத் தருகிறோம் என்பாரிடம் நாம் செல்லோம். நெடுநேர அறுவை இடரைப் பெருக்கும். கேரளத்தில் 2018ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மருத்துவ நிலையங்கள் பதிவு பெற்றிருத்தல் வேண்டும். அச்சான்றிதழைக் காட்டுங்கள் எனக் கேட்பது மரியாதைக் குறைவன்று.

மருத்துவரை மதிப்பிட மற்றொரு வழி, அவர் நம்மை எவ்வளவு கேட்கிறார் என்று பார்ப்பது. நீரிழிவு உண்டா, புகைப்பழக்கம் உண்டா, என்னென்ன மருந்து உட்கொள்கிறீர்கள், முன்பு தழும்பு தடித்ததுண்டா என்றெல்லாம் அவர் துருவிக் கேட்பாராயின் நல்லது. புகைப்போர்க்குத் தோலின் இரத்த ஓட்டம் குறைந்து ஒட்டிய தோல் அழுகக்கூடும். அதை விடச் சொல்லாமல் நாள் குறிப்பவரிடம் எச்சரிக்கை வேண்டும். மருத்துவரைக் காணுமுன்பே விலை பேசி முன்பணம் வாங்கும் 'கவுன்சிலர்' ஒருவர் நடுவில் அமர்ந்திருந்தாலும் எழுந்து வந்துவிடலாம். முன்னும் பின்னுமாகக் காட்டப்படும் படங்களில் வெற்றிகளே இருக்கும். ஒன்றிரண்டு குறைபாடுகளையும் எடுத்துக் காட்டி, அவற்றை எவ்வாறு சரிசெய்தார் என்று விளக்குபவர் பெரும்பாலும் நேர்மையாளர். 'உமக்கு இந்த அறுவை வேண்டாம்' என்று திருப்பி அனுப்புவோரும் உளர். அழகை விரும்புவது குற்றமன்று. திருமணம் நிச்சயமான மகளை அவசரப்படுத்தி அழைத்துச் செல்லும் பெற்றோரின் விருப்பம் அம்மகளுடையதுதானா என்று தனியே அழைத்துக் கேட்கும் மருத்துவரிடம் நமக்கு மதிப்பு மிகுதி.

ஒப்புதல் படிவத்தைப் பற்றிச் சிறிது கூற வேண்டும். கொச்சியில் வாழும் தமிழர் முன் ஆங்கிலத்திலோ மலையாளத்திலோ அச்சிட்ட தாளை நீட்டுவர், காத்திருப்போர் வரிசை நீளும், கையெழுத்து விழுந்துவிடும். ஓர் அறுவைக்குத் தந்த ஒப்புதல் மற்றோர் அறுவைக்குச் செல்லாது என்றும், நோயாளி விவரமறிந்து தருவதே ஒப்புதல் என்றும் 2008 ஜனவரியில் சமிரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எனவே செய்யப்போவது யாது, நேரக்கூடிய தீங்கு யாது, வேறு வழி உண்டா என்பவற்றைத் தமிழில் சொல்லும்படி கேட்பது நம் உரிமை. படிவத்தை வீட்டுக்கு எடுத்துச் சென்று, மொழியறிந்த ஒருவரை உடன் வைத்துக்கொண்டு படிக்கலாம். அவசரமற்ற அறுவைக்கு ஒரு வாரம் தள்ளிப்போவதால் கெடுவது ஒன்றுமில்லை. அந்த ஒரு வாரத்தில் வேறொரு மருத்துவரின் கருத்தையும் பெறலாம். முதல் மருத்துவர் அதற்குச் சினந்தால், அச்சினமே ஒரு விடை.

அறுவைக்குப் பின் வீடு திரும்பும்போது, செய்த அறுவையின் பெயர், செய்தவரின் பெயர், பதிவெண், உடலுக்குள் ஏதேனும் பொருள் வைக்கப்பட்டிருப்பின் அதன் வகையும் எண்ணும் ஆகியவை எழுதிய தாளைக் கேட்டு வாங்கிக் கொள்ளல் வேண்டும். சிகிச்சைக் குறிப்புகளை நோயாளி கேட்டால் எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள் மருத்துவர் தர வேண்டும் என்பது விதி. அதை எழுத்து மூலம் கேட்டு, பெற்றுக்கொண்டதற்கான கையொப்பத்தையும் நாளையும் ஒரு படியில் வாங்கி வைக்கவும்.