பெயர் மறந்த கணினி

பீட்சா டப்பாவைப் போலத் தட்டையான ஒரு பெட்டி. சுவிட்சைப் போட்டதும் விசிறி இரைகிறது, டிஸ்க் முனகிக்கொண்டே சுழலத் தொடங்குகிறது. சற்று நேரத்தில் வெள்ளைத் திரையில் கறுப்பு எழுத்துகள் வந்து விழுகின்றன. மாடல் பெயரும் நினைவகத்தின் அளவும் சரியாக வருகின்றன. 'நான் யார்' என்று சொல்லவேண்டிய வரி வந்ததும் தடுமாற்றம். வலையமைப்பு முகவரி இருக்க வேண்டிய இடத்தில் 'எஃப்எஃப்' என்று ஆறு முறை அச்சாகியிருக்கிறது. அடையாளத் தகவல் செல்லாது என்று ஒரு புகார் வேறு.

1990இல் வெளிவந்த சன் ஸ்பார்க்ஸ்டேஷன் 2 இது. பழைய யூனிக்ஸ் ஒர்க்ஸ்டேஷன்களைச் சேகரித்துப் பழுதுபார்ப்பவர்களுக்கு இந்தக் காட்சி மிகவும் பழக்கம். பிராசசருக்கு ஒன்றும் ஆகவில்லை. இன்னும் முப்பது வருடம் ஓடு என்றாலும் அது ஓடும். போனது அதனருகே கிடக்கும் ஒரு சின்ன பேட்டரி.

ஒர்க்ஸ்டேஷன் என்றால் என்ன என்பதை முதலில் சொல்லிவிடலாம். வீட்டு பிசி ஒரு நேரத்தில் ஒரு வேலையோடு மல்லுக்கட்டிய 1980களில், பொறியாளர்கள், விஞ்ஞானிகளின் மேசைக்கென்றே வந்த கணினி இது. பெரிய திரை, வலையமைப்பு, பல வேலைகளை ஒரேசமயம் பார்க்கும் யூனிக்ஸ் இயங்குதளம் எல்லாம் அதில் சேர்ந்தே வந்தன. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஆண்டி பெக்டோல்ஷைம் வடிவமைத்த கணினிதான் சன் நிறுவனத்தின் விதை. 'ஸ்டான்ஃபோர்டு யுனிவர்சிட்டி நெட்வொர்க்' என்பதன் முதலெழுத்துகளே 'சன்' ஆயின. 1982 பிப்ரவரியில் கம்பெனி தொடங்கியவர்களில் டெல்லி ஐ.ஐ.டி.யில் படித்த வினோத் கோஸ்லாவும் ஒருவர். 1989இல் வந்த ஸ்பார்க்ஸ்டேஷன் 1, டிஸ்க் இல்லாமலே ஏறக்குறைய 9,000 டாலர். 1995இல் வந்த 'டாய் ஸ்டோரி' படத்தின் சட்டகங்களைத் தீட்டி முடித்தவை 117 ஸ்பார்க்ஸ்டேஷன் 20 கணினிகள். அதற்கு இரண்டு வருடம் முன்பு 'ஜுராசிக் பார்க்' டைனோசர்களை உருவாக்கப் பயன்பட்டவை சிலிக்கான் கிராஃபிக்ஸ் கம்பெனியின் ஒர்க்ஸ்டேஷன்கள். அந்தப் படத்தில் சிறுமி திரையில் பறந்து பறந்து கோப்பு தேடுவாளே, அது சினிமாக்காரர்களின் கற்பனை இல்லை. அந்தக் கம்பெனி நிஜமாகவே தந்த நிரல் அது.

பிசிக்கள் மலிவாகி வேகமெடுத்ததும் ஒர்க்ஸ்டேஷன் கம்பெனிகளின் ஆட்டம் முடிந்தது. டிஜிட்டல் எக்விப்மென்ட் 1998இல் காம்பாக்கிடம் போனது, சிலிக்கான் கிராஃபிக்ஸ் 2009இல் திவாலானது, சன் 2010இல் ஆரக்கிளுக்குள் கரைந்தது. கலிஃபோர்னியாவில் சன் இருந்த வளாகத்துக்குக் குடிவந்த ஃபேஸ்புக், வாசல் பலகையைத் திருப்பி, மறுபக்கத்தில் தன் அடையாளத்தை வைத்துக்கொண்டது. பின்னால் போய் எட்டிப் பார்த்தவர்களுக்கு சன் சின்னம் அங்கேயே தெரிந்தது.

பேட்டரிக்கு வருவோம். ஸ்பார்க்ஸ்டேஷனின் மதர்போர்டில் இருபத்துநான்கு கால்களோடு, தலையில் தொப்பி வைத்ததுபோல் தடிமனான ஒரு சிப் இருக்கும். அதற்குள் ஒரு கடிகாரம், 2,048 பைட் நினைவகம், இரண்டுக்கும் சேர்த்து ஒரு லித்தியம் பேட்டரி. கடிகாரத்துக்கு எப்படியும் பேட்டரி வேண்டும், அதிலேயே கொஞ்சம் நினைவகத்தையும் ஓட்டிவிடலாம் என்பது வடிவமைத்தவர்களின் கணக்கு. நல்ல சிக்கனம்தான். ஆனால் கணினியின் வலையமைப்பு முகவரியையும் அடையாள எண்ணையும் அந்த நினைவகத்தில் வைத்து, பேட்டரியைக் கழற்றவே முடியாதபடி பிசின் ஊற்றி மூடிவிட்டார்கள். பேட்டரியின் ஆயுள் பத்து வருடம் போல. 9,000 டாலர் பெட்டியை அதற்குமேல் யார் வைத்திருக்கப் போகிறார்கள் என்று நினைத்திருப்பார்கள். 1985இல் வந்த முதல் சன்-3 கணினிகளில் இதே தகவல் பேட்டரி தேவைப்படாத தனி சிப்பில் எழுதப்பட்டிருந்தது. அதனால் மூத்தது இன்றும் தன் பெயரைச் சொல்கிறது, இளையது மறந்துவிட்டது.

மறதி அந்தப் பெட்டியோடு நிற்பதில்லை. அந்தக் காலத்தில் விலையுயர்ந்த பொறியியல் மென்பொருள்கள் பலவும் கணினியின் அடையாள எண்ணுக்குப் பூட்டுப்போட்டே விற்கப்பட்டன. எண் மாறினால் உரிமம் செல்லாது. வேறு எண் கேட்டு எழுதலாமென்றால் விற்ற கம்பெனியே இருக்காது.

சிகிச்சை இருக்கிறது, கொஞ்சம் கை நடுங்கும். சிப்பை அதன் சாக்கெட்டிலிருந்து நெம்பி எடுத்து, தொப்பியின் ஓரத்தைச் சிறிய அரத்தால் ராவ வேண்டும். கறுப்புப் பிசின் பொடிப்பொடியாக உதிரும். ஆழம் போகப்போக வெள்ளி நிறத்தில் ஒரு மினுக்கம் தெரிந்தால் அது பேட்டரிக்குப் போகும் உலோகப் பட்டை. அங்கே நிறுத்த வேண்டும். கடிகாரத்துக்குத் துடிப்பு தரும் படிகமும் அதே தொப்பிக்குள்தான் இருக்கிறது. அரம் அந்தப் பக்கம் போனால் கதை முடிந்தது. பழைய பேட்டரியின் தொடர்பை வெட்டிவிட்டு, அந்த இரண்டு முனைகளில் மெல்லிய ஒயரைச் சால்டர் வைத்து, கடையில் கிடைக்கும் 3 வோல்ட் காசு பேட்டரிக்கான கூடை ஒன்றைச் சிப்பின் முதுகிலேயே ஒட்டிவிடுவார்கள். பார்க்க மூட்டை தூக்கிய கழுதைபோல் இருக்கும். அடுத்த முறை பேட்டரி தீர்ந்தால் அரம் வேண்டாம், விரல் நகம் போதும்.

பேட்டரி வந்துவிட்டது, பெயர் இன்னும் வரவில்லை. கணினி விழிக்கும்போது குறுக்கிட்டு நிறுத்தினால் 'ஓகே' என்ற சொல்லோடு காத்திருக்கும். ஃபோர்த் என்ற மொழியில் அதனோடு பேசலாம். அடையாளத் தகவல் மொத்தம் பதினாறு பைட். எந்த வகைக் கணினி, முகவரி என்ன, வரிசை எண் என்ன, கடைசியாக ஒரு சரிபார்ப்பு எண். முன்னுள்ள பதினைந்தையும் ஒரு விதிப்படி சேர்த்தால் பதினாறாவது வர வேண்டும், வராவிட்டால் கணினி நம்பாது. ஒவ்வொன்றாகத் தட்டி ஏற்ற வேண்டியதுதான். முகவரியின் முதல் மூன்று எண்கள் சன்னுக்கென்று ஒதுக்கப்பட்டவை: 8, 0, 20. மீதி மூன்றும் அந்தப் பெட்டிக்கே உரியவை. அவை எங்காவது குறித்துவைக்கப்பட்டிருந்தால் சரி. இல்லாவிட்டால்?

இங்கேதான் பழுதுபார்ப்பவர்களின் குறும்பு. பதினாறடிமான எண்முறையில் பத்து முதல் பதினைந்து வரையிலான எண்களை ஆங்கிலத்தின் ஏ முதல் எஃப் வரையான எழுத்துகளால் குறிப்பார்கள். முகவரியின் ஒவ்வொரு எண்ணுக்கும் இரண்டு இலக்கம். மீதி மூன்றுக்கு 'சி', சுழியம், 'எஃப்', 'எஃப்', 'இ', 'இ' என்று ஆறையும் அடுத்தடுத்துப் போட்டுப் படியுங்கள்: காஃபி. சன் பழுதுபார்ப்போர் கைக்குக் கை மாற்றிக்கொண்ட செய்முறைக் குறிப்பில் இதுதான் மாதிரி முகவரி. சோம்பேறித்தனமோ பிரியமோ, பலரும் அதையே அப்படியே தட்டிவிட்டார்கள். இதனால் மறுபிறவி எடுத்த பல சன் கணினிகளுக்கு ஒரே பெயர். இரண்டு 'காஃபி'களை ஒரே வலையமைப்பில் மாட்டினால் குழப்பம்தான். ஒரே வகுப்பில் இரண்டு செந்தில் இருந்தால் வாத்தியார் இனிஷியலைச் சேர்ப்பதுபோல, ஒன்றின் கடைசி எண்ணை மாற்ற வேண்டும்.

நெக்ஸ்ட் என்ற இன்னொரு கம்பெனியின் ஒர்க்ஸ்டேஷன்களில் இதே வியாதி வேறு வடிவில் வரும். மதர்போர்டு பேட்டரி தீர்ந்தால் விசைப்பலகையின் பவர் பொத்தானை அமுக்கினாலும் பெட்டி அசையாது. செத்துப்போனது என்று விலை குறைத்து விற்கப்படும் பெட்டிக்கு ஒரு பேட்டரி போதுமானதாக இருந்துவிடலாம்.

அடுத்த எதிரி கெப்பாசிட்டர். 1980களின் இறுதி, 90களின் தொடக்கத்தில் வந்த சிறிய அலுமினியக் கெப்பாசிட்டர்களின் அடிப்பக்க ரப்பர் காலப்போக்கில் தளர்ந்து, உள்ளிருக்கும் திரவம் கசிந்து செம்புத் தடங்களை அரிக்கும். கண்ணுக்குத் தெரியும் முன் மூக்குக்குத் தெரியும். கசிந்த இடத்தில் சால்டரிங் அயர்னை வைத்தால் கருவாட்டு வாடை குப்பென்று எழும். வருடக்கணக்கில் தூங்கிய பெட்டியை நேரே பிளக்கில் மாட்டுவது மடத்தனம். நம்மூர் ரேடியோ மெக்கானிக் செய்வதுபோல சீரிஸில் ஒரு குண்டு பல்பை வைத்து மின்சாரம் கொடுத்துப் பார்ப்பது புத்தி. பல்பு முழு வெளிச்சத்தில் நின்று எரிந்தால் உள்ளே ஷார்ட்.

கையில் எடுத்துப்போகும் யூனிக்ஸ் கணினிகளின் நிலை இன்னும் பாவம். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் டாட்போல் என்ற கம்பெனி (தலைப்பிரட்டை என்று அர்த்தம்) 1990களில் சன்னின் ஸ்பார்க் பிராசசரையே மடிக்கணினிக்குள் அடக்கி 'ஸ்பார்க்புக்' செய்தது. இந்த வகைப் பெட்டிகளைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவது பேட்டரியிலிருந்து வழிந்து காய்ந்த பூஞ்சை போன்ற படிவு. இடம் குறுகல் என்பதால் வழிந்தது நேரே மதர்போர்டுக்குத்தான் போகும். இதற்கு நேர்மாறு, ஹெச்பி 1985இல் கொண்டுவந்த இன்டெக்ரல் பிசி. யூனிக்ஸ் கருவே ரோம் சிப்பில் இருந்தது, ஹார்ட் டிஸ்க் கிடையாது. ஆரஞ்சு நிறத்தில் ஒளிரும் திரையும், உடம்போடு சேர்ந்த இங்க்ஜெட் பிரிண்டரும் உண்டு. எடை 11 கிலோ. மடியில் அல்ல, தலையில்தான் வைக்கலாம். அதை ஓட்ட பேட்டரி கிடையாது, சுவரில் பிளக் இருந்தால்தான் வேலை. அன்று இதைக் குறை என்று எழுதியிருப்பார்கள். இன்று அந்தக் குறையே அதற்குக் காப்பு.

பழையதைப் பழையபடியே வைப்பதா, ஓட வைப்பதா என்ற சண்டை இந்த வட்டாரத்தில் ஓயாது. சிக்கிக்கொண்ட ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி, எஸ்டி கார்டு மாட்டிய சின்னப் பலகையை வைப்பார்கள். அதைப் பழைய டிஸ்க் என்றே கணினி நம்பிவிடும். முனகல் சத்தம் போய்விடுகிறதே என்று வருந்துவோர் உண்டு. எனக்கு வருத்தம் இல்லை. டிஸ்க்கும் பேட்டரியும் தேய்வதற்கென்றே வந்தவை, சைக்கிளுக்கு டயர் மாதிரி. மஞ்சளான பிளாஸ்டிக்கைப் பெராக்சைடு பூசி வெயிலில் வைத்து வெளுப்பதுதான் எனக்கு உறுத்துகிறது. கணினி ஓட அது எந்த விதத்திலும் உதவாது, நிறமும் பல சமயம் திரும்ப மஞ்சளாகும்.

ஐரோப்பிய அணு ஆய்வு மையமான செர்னில் டிம் பெர்னர்ஸ்-லீ உலகின் முதல் இணையதளத்தை நடத்திய நெக்ஸ்ட் கணினியில், இது சர்வர், அணைத்துவிடாதீர்கள் என்று கையால் எழுதிய சீட்டு ஒட்டியிருக்கிறது. சீட்டோடு சேர்த்து அது இன்று காட்சிப்பொருள். அதை ஓட்டிப் பார்க்க யாரும் கேட்பதில்லை, கேட்கவும் கூடாது. ஆயிரக்கணக்கில் விற்ற ஸ்பார்க்ஸ்டேஷனுக்கு அந்த மரியாதை தேவையில்லை. அது ஓட வேண்டும்.

ஆனால் எதை ஓட்டுவது? நெட்பிஎஸ்டி என்ற இலவச யூனிக்ஸ் இன்றும் இந்தப் பெட்டிகளில் ஏறும். நேரத்தைக் குறிக்க அது 64 பிட் எண்ணுக்கு மாறிவிட்டது. சன்னின் சொந்த சன்ஓஎஸ் 4 அப்படி அல்ல. 1970 ஜனவரி 1 முதல் கழிந்த விநாடிகளை 32 பிட்டில் எண்ணுகிறது. அதில் அடங்கும் மிகப் பெரிய எண் 2,147,483,647. இப்போது மாட்டிய காசு பேட்டரி தீர்ந்து, அடுத்ததும் மாட்டி, பெட்டி நல்லபடியாக ஓடிக்கொண்டிருந்தால், 2038 ஜனவரி 19 செவ்வாய்க்கிழமை, இந்திய நேரம் காலை 8 மணி 44 நிமிடம் 7 விநாடிக்கு அந்த எண் நிரம்பும். அடுத்த விநாடி கணக்குப்படி 1901 டிசம்பர் 14, அதிகாலை 2 மணி 15 நிமிடம் 52 விநாடி.