கணினிக்கும் காய்ச்சல் வரும்

குளுவாங் பக்கம் பால்மரம் வெட்டிய ஒரு பாட்டியின் பேட்டியை, வானொலி நிகழ்ச்சிக்காக வீட்டுக் கணினியில் தொகுத்துக்கொண்டிருந்தேன். பிற்பகல் 3 மணி, ஜொகூர் வெயில். திரை சட்டென்று இருண்டது. இரண்டு மணி நேர வேலை போயிற்று. நல்ல வேளை, மூலப்பதிவு தப்பியது.

அன்றே லினக்ஸில் எல்எம்-சென்சார்ஸ் நிறுவினேன், இலவசம்தான். முதலில் நிர்வாகி உரிமையோடு 'சென்சார்ஸ்-டிடெக்ட்' கட்டளையை இயக்கவேண்டும். அது கேட்கும் கேள்விகளுக்குப் பெரும்பாலும் எண்டர் தட்டினால் போதும். பிறகு 'சென்சார்ஸ்' என்று தட்டினால் வெப்பம், விசிறி வேகம், மின்னழுத்தம் எல்லாம் திரையில் வரும்.

செயலி 96 பாகை செல்சியஸ்! திறந்து பார்த்தால் விசிறி முழுக்கத் தூசி. துடைத்ததும் 67க்கு இறங்கியது.

இன்னோர் எண்ணும் பதற வைத்தது. 12 வோல்ட் வரவேண்டிய இடத்தில் 1 வோல்ட். ஆனால் பயாஸ் திரையில் 12 சரியாகவே இருந்தது. காரணம் இதுதான்: அளக்கும் சில்லு 12 வோல்ட்டை நேரடியாகத் தாங்காது, மின்தடைகள் வழியே குறைத்தே அளக்கும். எத்தனை மடங்கு பெருக்குவது என்பது தாய்ப்பலகைக்குத் தாய்ப்பலகை மாறும். பயாஸோடு ஒப்பிட்டு, அந்தக் கணக்கை 'சென்சார்ஸ்.டி' கோப்புறையில் எழுதிவைத்தேன். 11.4 முதல் 12.6 வரை இருந்தால் கவலை இல்லை.

கூலாய் தரவு மையங்களில் வெப்பத்தைக் கவனிக்க இரவு பகலாக ஆள் உண்டு. நம் வீட்டுக் கணினிக்கு நாம்தான். ஒலி அளவைப் பார்க்காமல் ஒலிவாங்கியைத் திறக்காத நான், இப்போது வெப்பத்தையும் பார்த்துவிட்டே தொகுக்க உட்காருகிறேன்.