கூவும் கார்: அன்று திருப்புளி, இன்று ஸ்கேனர்

அம்பாசடர்கள் வாடகைக்கு ஓடிய நாட்களில் டிரைவர் ஷெட்டுக்கு வந்து ஒரு வரிதான் சொல்வார்: "அண்ணே, அறுபதுக்கு மேல போனா பின்னாடி கூவுது." மெக்கானிக்குக்குத் தேவையானதில் பாதி அந்த வரியிலேயே இருந்தது. எந்த வேகத்தில், எந்தப் பக்கத்தில் என்பதை வண்டியோடு நாள் முழுக்கக் கிடந்தவர் சொல்லிவிட்டார். மீதியைத் தெரிந்துகொள்ள மெக்கானிக்கும் அவரோடு ஏறி ஊருக்கு வெளியே ஒரு டிரையல் போய் வருவார்.

அந்த டிரையல் ஒழுங்கான ஒரு விசாரணை. அம்பாசடரின் நான்காவது கியர் நேரடி ஓட்டம். இன்ஜினின் சுழற்சி கியர் பற்கள் மேல் பாரம் ஏற்றாமல் நேராகப் பின்னால் போய்விடும். எனவே இரண்டிலும் மூன்றிலும் கூவிவிட்டு நான்கில் அடங்கினால் கோளாறு கியர்பாக்ஸில். எல்லாக் கியரிலும் கூவி, வண்டியின் வேகத்தோடு மட்டும் ஏறி இறங்கினால் பின் ஆக்சிலில் அல்லது சக்கர பேரிங்கில். பிறகு ஆக்சிலேட்டரை அழுத்தியும் விட்டும் பார்ப்பார். கால் எடுத்ததும் சத்தம் மாறினால் பின் ஆக்சிலின் பற்சக்கர ஜோடியான கிரவுன் பினியன் மேல் சந்தேகம் விழும். அழுத்தும்போது பல்லின் ஒரு முகம் பாரம் தாங்குகிறது, விடும்போது மறுமுகம். கால் எடுத்தாலும் மாறாத சத்தம் பேரிங்குடையது. வண்டியை வலப்பக்கம் வளைத்தால் பாரம் இடச் சக்கரத்துக்குப் போகும். அப்போது சத்தம் கூடினால் இடது பேரிங்.

முன்பக்கச் சத்தம் என்றால் நீளமான திருப்புளி வேலைக்கு வரும். அதன் நுனியை டைனமோ மேலும் வாட்டர் பம்ப் மேலும் மாற்றி மாற்றி வைத்து, பிடியைக் காதோரம் அழுத்திக் கேட்பார்கள். தேய்ந்த பேரிங் இருக்கும் இடத்தில் சத்தம் உரக்க, கரகரப்போடு கேட்கும். அப்போதும் சந்தேகம் என்றால் ஃபேன் பெல்ட்டைக் கழற்றிவிட்டு இன்ஜினைச் சற்று நேரம் ஓடவிடுவார்கள். சத்தம் நின்றால் அந்த இரண்டில் ஒன்றுதான்.

கிரவுன் பினியன்தான் என்று உறுதியானால் அது பெரிய வேலை. இரண்டும் தொழிற்சாலையிலேயே ஒன்றோடொன்று உரசவிட்டுப் பொருத்தப்படும் ஜோடி; ஒன்றை மட்டும் மாற்ற முடியாது. புது செட்டுக்குச் சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு, பழையதற்குப் புதுப்பேட்டை. செட் வந்த பிறகும் பொருத்துவதில்தான் திறமை. பற்களில் வண்ணம் பூசிச் சுற்றி, எந்த இடத்தில் பல் பல்லைத் தொட்டிருக்கிறது என்று தடம் பார்ப்பார்கள். கிரவுன் பல்லின் உச்சியில் தடம் விழுந்தால் பினியனை உள்ளே தள்ள வேண்டும். அடியில் விழுந்தால் வெளியே எடுக்க வேண்டும். காகிதம்போல் மெல்லிய ஷிம்களைக் கூட்டியும் குறைத்தும் அதைச் செய்வார்கள். இரண்டுக்கும் நடுவே விடும் இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒன்றிரண்டு பங்குதான். தவறினால் புது செட்டும் கூவும். இந்த உழைப்புக்குப் பயந்து, தடித்த ஆயிலை ஊற்றிச் சத்தத்தை அமுக்கி வண்டியை விற்றுவிட்டவர்களும் உண்டு. அந்தக் காலத்தில் எல்லாமே நேர்மையாக நடந்தது என்று நான் சொல்ல மாட்டேன்.

1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. முன் சக்கரங்களால் ஓடும் வண்டி. பின்னால் சுற்ற கிரவுனும் இல்லை, நீளமான ஷாஃப்டும் இல்லை. எல்லாம் முன்னால் கியர்பாக்ஸோடு ஒரே கூட்டுக்குள் போய்விட்டன. நேரடி ஓட்டமும் போனது. எந்தக் கியரில் போனாலும் ஒரு ஜோடிப் பல் பாரம் தாங்குவதால், நான்கில் அடங்குகிறதா என்ற பழைய சோதனை செல்லாமல் போயிற்று. 2014 மே மாதம் உத்தரபாரா ஆலையில் அம்பாசடர் உற்பத்தி நின்றபோது, தடம் பார்த்து ஷிம் வைக்கும் வேலை கார் ஷெட்டுகளில் அனேகமாக மறைந்திருந்தது.

இன்றைய காரில் கூவக்கூடியவை அதிகம். ஒரே பெல்ட் ஆல்டர்னேட்டரையும் ஏசி கம்ப்ரசரையும் சுற்றுகிறது. அதை இறுக்கிப் பிடிக்கும் உருளைகளுக்கும் பேரிங் உண்டு. டீசல் வண்டியில் டர்போ. பெட்ரோல் வண்டியில் டேங்குக்குள்ளேயே மூழ்கிக் கிடக்கும் மின் பம்ப். பெட்ரோல்தான் அதைக் குளிர்விக்கிறது என்பதால், எப்போதும் ரிசர்விலேயே ஓட்டுபவரின் வண்டியில் பின் சீட்டுக்கு அடியிலிருந்து மெல்லிய கூவல் கிளம்பலாம்.

இவ்வளவுக்கும் நடுவே சர்வீஸ் சென்டரில் முதலில் நீள்வது ஸ்கேனரின் வயர். சென்சார் உள்ள கோளாறுக்கு அது நல்ல கருவி. முன்பு நாள் கணக்கில் தேடியதை நிமிடத்தில் காட்டுகிறது. ஆனால் தேய்ந்த சக்கர பேரிங்குக்கு எரர் கோட் கிடையாது. பல இன்ஜின்களின் பிளாக்கில் சத்தம் கேட்கும் நாக் சென்சார் ஒன்று உண்டு. அதற்கும் பெட்ரோல் கண்டபடி வெடிக்கும் தட்டல் மட்டும்தான் கேட்கும், கூவல் கேட்காது.

எனக்கு வருத்தம் கருவி மேல் அல்ல, ஜாப் கார்டு மேல். வண்டிக்காரர் சொல்வதை முன்மேசையில் ஒருவர் கேட்டு, "சத்தம் வருகிறது" என்று எழுதுகிறார். கண்ணாடிச் சுவருக்கு அப்பால் வேலை செய்பவர் வேறொருவர். அவர் நெரிசலான தெருவில் முப்பதில் ஓட்டிப் பார்க்கிறார். எழுபதில் வரும் கூவல் எப்படி வரும்? "சத்தம் இல்லை" என்று வண்டி திரும்பி வருகிறது. இல்லாவிட்டால் ஊகத்தில் சக்கர பேரிங் அடங்கிய ஹப் மாற்றப்படுகிறது. இன்றைய ஹப் மூடிய முழுப் பொருள். கிரீஸ் அடைத்து இறுக்கும் வேலை இல்லை, நீண்ட நாள் உழைக்கிறது. அதை வரவேற்கிறேன். ஆனால் டயரின் மேடுபள்ளத் தேய்மானமும் அதே சத்தத்தைத்தான் எழுப்பும் என்பதைப் பார்க்காமல் மாற்றினால் காசு வீண். டயர்களை முன்பின் மாற்றிப்போட்டு, சத்தம் இடம் மாறுகிறதா என்று பார்ப்பதற்கு ஸ்கேனர் வேண்டாம்.

கருவிகளும் இந்த வேலைக்கு வராமல் இல்லை. வண்டிக்கு அடியில் நாலைந்து இடத்தில் மைக் கவ்வவிட்டு, ஓட்டிக்கொண்டே ஒவ்வொன்றாகக் கேட்கலாம். போனில் சத்தத்தின் அதிர்வெண்ணையே அளக்கலாம். பத்துப் பல் பினியன் நிமிடத்துக்கு 2,400 சுற்று சுற்றினால் பல் மோதும் சத்தம் 400 ஹெர்ட்ஸில் விழும். கணக்கு ஒத்துவந்தால் அந்தப் பல்லைக் கழற்றாமலே சந்தேகிக்கலாம். ஆனால் மைக் கட்டி ஓட்டவும் ஒரு டிரையல் வேண்டும், உரிமையாளர் பக்கத்தில் வேண்டும். சர்வீஸ் சென்டரில் இதைக் கேட்டு வாங்குங்கள். வேகம், கியர், ஏசி போட்டிருந்ததா, எந்தப் பக்கம் வளைத்தபோது கூடியது என்று எழுதிக் கொடுங்கள்.

மின்சாரக் காரில் இந்தத் தேவை இன்னும் கூடுகிறது. இன்ஜின் இரைச்சல் இல்லாததால் சிறு கூவலும் உள்ளே கேட்கிறது. நடந்துபோகிறவர்கள் எச்சரிக்கையாக இருக்க, மெதுவாகப் போகும்போது வண்டியே செயற்கை ஒலி எழுப்புவதும் உண்டு. ஐரோப்பிய விதி 20 கிலோமீட்டர் வேகம் வரை அதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. வேகம் கூடியதும் தேய்ந்து மறைந்தால் அது வைத்த ஒலி. வேகத்தோடு ஏறினால் காலை எடுத்துப் பாருங்கள். கால் எடுத்தபோது மோட்டார் வண்டியை இழுத்துப் பிடித்து பேட்டரிக்கு மின்சாரம் அனுப்புகிறது, பல்லின் மறுமுகம் பாரம் தாங்குகிறது. அங்கே சத்தம் மாறினால் சந்தேகம் கியர் மேல். காலி ரோட்டில், சமதளத்தில் நியூட்ரலுக்கு மாற்றியும் அதே சத்தம் நீடித்தால் முதலில் டயரையும் சக்கர பேரிங்கையும் பாருங்கள்.