பைனாகுலரும் மலைச்சாரலும்

போடிநாயக்கனூருக்கு அணித்தாயுள்ள பொட்டிபுரம் என்னும் சிற்றூரின் பெயர் நியூட்ரினோ ஆய்வகத்தை முன்னிட்டு நாடெங்கும் பரவிற்று. மலையைக் குடைந்து, அதனுள் 50,000 டன் எடையுள்ள காந்த இரும்புக் கருவியை நிறுவுவது அத்திட்டம். 2015-ஆம் ஆண்டில் மத்திய அரசு அதற்கு இசைவளித்தது. மலைக்கும் கானுயிர்க்கும் கேடு நேருமெனப் பலர் மறுத்தனர். 2022-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டரசும் உச்சநீதிமன்றத்தில் தன் மறுப்பைத் தெரிவித்தது. அதன் நன்மை தீமைகளை ஆராய்தல் ஈண்டு எம் கருத்தன்று. ஒரு மலையைக் குறித்து வழக்காடுவோர் முதற்கண் அம்மலையைக் கண்ணாரக் காணல் வேண்டுமன்றோ? அங்கு வாழும் புள்ளினம் யாவை, அதன்மேல் ஒளிரும் மீன்கள் யாவை என வினவின், நூல்களில் அவற்றின் பெயர்களை நெட்டுருச் செய்த எம்போலியரும் விடையின்றித் திகைக்கின்றோம். இக்குறையை நீக்கச் சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் பைனாகுலர் ஒன்று போதும்.

இக்கருவியின்மீது 8×40, 10×50 என எண்கள் பொறித்திருக்கும். முன்னெண் உருப்பெருக்கத்தைக் குறிக்கும். பின்னெண் முன்வில்லையின் விட்டத்தை மில்லிமீட்டரிற் குறிக்கும். எட்டு மடங்கு பெருக்குவதாயின், 80 மீட்டர்த் தொலைவிலுள்ள பறவை 10 மீட்டரில் இருப்பதுபோற் தோன்றும். பின்னெண்ணை முன்னெண்ணால் வகுத்தால் கண்ணுட் புகும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும். 8×40-க்கு அது 5 மில்லிமீட்டர். சட்டைப்பையில் அடங்கும் 8×21-க்கு மூன்றினும் குறைவு. ஏலம் பெருமரங்களின் நிழலில் வளர்வது. அந்நிழலிலும், வைகறையிலும், இரவிலும் சிறுவில்லைக் கருவி மங்கலாகவே காட்டும். ஆதலின் பகலிரவு இரண்டிற்கும் 8×40 அல்லது 10×50 ஏற்றது.

மலிவுச் சரக்கில் வஞ்சனையும் உண்டு. இருபது, முப்பது மடங்கு பெருக்குமென்னும் விளம்பரத்தில் மயங்கலாகாது. உருவம் பெருகுமளவு கைந்நடுக்கமும் பெருகும், காட்சிப்பரப்போ சுருங்கும். வாங்குமுன் தொலைவிலுள்ள கம்பமொன்றை நோக்குக. அஃது இரட்டையாகத் தோன்றினும், சிறிது நேரத்தில் தலை நொந்தாலும், உள்ளிருக்கும் பட்டகங்கள் நேர்படவில்லை என்றறிந்து விலக்குக.

பயன்படுத்தும் முறை எளிது. கீலை மடக்கி, இரு வட்டங்களும் ஒன்றாமாறு இருகண் இடைவெளிக்குப் பொருத்துக. வலக்கண்ணை மூடி, நடுச்சக்கரத்தைத் திருகி இடக்கண்ணுக்குத் தெளிவு பெறுக. பின்னர் இடக்கண்ணை மூடி, வலப்புறக் கண்வில்லையின் வளையத்தைத் திருகுக. மூக்குக்கண்ணாடி அணிந்தோர் கண்வில்லையின் ரப்பர் விளிம்பை மடக்கிக்கொள்க. மரத்திலோ சுவரிலோ சாய்ந்து நின்றால் நடுக்கம் குறையும். மலைநாட்டின் ஈரத்தால் வில்லையிற் பூஞ்சை படருமாதலின், கருவியை உலர்ந்த இடத்தில் வைத்தல் வேண்டும்.

போடியிலிருந்து குரங்கணி வழியே ஏறுங்கால், அடிவாரப் புதர்களில் சின்னானும் தேன்சிட்டும், மேலே சோலைகளில் மரங்கொத்தியும் இருவாட்சியும் காணலாம். பெண் இருவாட்சி முதுமரப் பொந்தினுட் புகுந்து வாயிலை அடைத்துக்கொண்டு அடைகாக்கும். ஆண் சிறுதுளை வழியே இரையூட்டும். முதுமரம் வீழின் அக்குடும்பத்திற்கு உறைவிடமில்லை. இதனைத் தொலைவில் அமைதியாக நின்று காண்பதற்கே பைனாகுலர். கூட்டை நெருங்குதல் கூடாது.

இரவில், ஊர்விளக்கு எட்டாத இடத்தில் இருபது நிமிடம் இருளிற் கண்ணைப் பழக்குக. மேற்றிசையை மலை மறைக்குமாதலின் கிழக்கும் உச்சியும் நோக்குதற்கு ஏற்றவை; வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபின் தை, மாசித் திங்கள்களில் வானம் தெளிவுறும். வெறுங்கண்ணுக்கு ஆறாகத் தோன்றும் கார்த்திகை, கருவியிற் பல பத்தாக மலரும். கலிலியோ 1610-இற் கண்ட வியாழனின் நான்கு துணைக்கோள்கள், அசையாது பிடிப்பின், சிறு புள்ளிகளாய்த் தோன்றும். நிலவின் குழிகளைக் காண முழுமதி நாளினும் பிறைநாட்கள் சிறந்தவை. தென்வானில் அகத்திய மீனும் ஒளிரும். கதிரவனை மட்டும், அந்திப்பொழுதாயினும், இக்கருவியால் நோக்கற்க. நொடிப்பொழுதிற் பார்வை பறிபோகும்.

மாணவ நண்பர்களே, தனியொருவர்க்கு விலை அரிதாயின் விடுதியில் நால்வர் கூடி ஒன்று வாங்கலாம். கண்டதனை நாள், நேரம், இடம் குறித்து ஏட்டில் எழுதி வருக. நாளை அம்மலையைக் குறித்து எவரேனும் நம்மை வினவின், கேள்விச் செய்தியைக் கூறாமல், கண்டதையே சான்றாகக் கூறவல்லோமாவோம்.