அட்லாண்டிக் நகரக் கடற்கரை விடுதிகள்

அட்லாண்டிக் நகரம் ஐக்கிய அமெரிக்காவின் நியூ ஜேர்சி மாநிலக் கடற்கரையில் அமைந்துள்ள உல்லாச நகரமாகும். 1854 இல் தொடருந்துப் பாதை வந்த பின்னரே இது வளர்ச்சியுற்றது. விடுதிகளுக்குள்ளும் தொடருந்துப் பெட்டிகளுக்குள்ளும் கடற்கரை மணல் சேர்வதைத் தடுப்பதற்காக, 1870 இல் இங்கு மரப்பலகை நடைபாதை அமைக்கப்பட்டது.

கட்டிடக் கலைஞர் வில்லியம் பிரைசு வடிவமைத்த பிளென்ஹைம் (1906), டிரேமோர் (1915) ஆகிய விடுதிகள் இந்நடைபாதையை ஒட்டிக் குவிமாடங்களுடன் எழுந்தன. பிளென்ஹைம், வலுவூட்டிய பைஞ்சுதையால் எழுப்பப்பட்ட தொடக்ககாலப் பெருங்கட்டிடங்களுள் ஒன்று. வானூர்திப் பயணம் பெருகியதும் மக்கள் தொலைதூரக் கடற்கரைகளை நாடினர். டிரேமோர் 1972 இல் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. 1976 ஆம் ஆண்டு வாக்கெடுப்பு நகரில் சூதாட்டத்தை அனுமதித்தது. ஆயினும் பிளென்ஹைம் அதனால் பிழைக்கவில்லை. புதிய சூதாட்ட விடுதிக்காக 1978 இல் அதுவும் தகர்க்கப்பட்டது.

விந்தையாக, அருகிலுள்ள மார்கேட் நகரில் 1881 இல் விளம்பரத்துக்காகக் கட்டப்பட்ட யானை வடிவ மரக்கட்டிடம், 1970 இல் இடம்பெயர்க்கப்பட்டுக் காக்கப்பட்டது.