நோக்கும் நிற்கும் இடமும்

செய்யுளின் உறுப்புக்களைத் தொகுத்துரைத்த தொல்காப்பியர் அவற்றுள் ஒன்றாக ‘நோக்கு’ என்பதனையும் வைத்தார். அச்சொல்லை ஈண்டுச் சிறிது வேறு பொருளில் ஆள்கின்றோம். ஒரு நிகழ்ச்சியை எவர் எங்கு நின்று பார்க்கின்றார் என்பதே இக்கட்டுரையில் நோக்கு எனப்படும். இப்பொருளும் பழந்தமிழர்க்குப் புதியதன்று. தலைவி தன் தலைவனோடு வீடு நீங்கிச் சென்றாள் என்பது ஒரே செய்தி. அதனைத் தோழி கூறும்போது ஆறுதல் தோன்றும். செவிலி கூறும்போது அலமரல் தோன்றும். பாலைவழியில் அவ்விருவரையும் எதிர்ப்பட்ட கண்டோர் கூறும்போது வியப்புத் தோன்றும். செய்தி மாறவில்லை, நிற்கும் இடமே மாறியது.

இம்மாற்றத்தை இக்கால இலக்கியத்திலும் திரைப்படத்திலும் ஆராயப் புகுவார்க்கு ஈழத்து மலைநாடு ஏற்ற களமாகும். ஒரே தோட்டத்தையும் ஒரே மக்களையும் நூற்றாண்டுக்கு மேலாகப் பலர் பல இடங்களில் நின்று நோக்கியுள்ளனர்.

அற்றனிலிருந்து நோர்வூட் வழியே செல்வார் பொகவந்தலாவையை அடைவர். அங்குள்ள தூய மரியாள் ஆலயத்தின் வளவில் யூலியா மார்கரெட் கமரன் என்னும் அம்மையாரின் கல்லறை உள்ளது. உலகப் புகைப்படக் கலையின் முன்னோடிகளுள் ஒருவராகிய இவர் 1815இல் கல்கத்தாவிற் பிறந்தவர். இங்கிலாந்தில் வாழ்ந்தபோது தெனிசன், தார்வின், ஏர்செல் முதலிய பெரியோரைப் படம் பிடித்துப் புகழ் பெற்றார். இவர் கணவர் சாள்சு கே கமரன், 1833ஆம் ஆண்டுச் சீர்திருத்தங்களுக்குக் காரணமான கோல்புறூக் – கமரன் ஆணைக்குழுவில் இடம் பெற்றவர். இலங்கையிற் கோப்பித் தோட்டங்களுக்கு உடைமையாளர். 1875இல் இருவரும் இங்கு வந்து குடியேறினர். அம்மையார் 1879இலும் கணவர் அடுத்த ஆண்டிலும் காலமாயினர்.

இலங்கையில் அம்மையார் எடுத்த படங்களுள் எஞ்சியவை முப்பதுக்கும் குறைவே. தோட்டத் தொழிலாளரும் ஊர்மக்களும் அவற்றில் உள்ளனர். ஒளியும் நிழலும் அழகுற அமைந்துள்ளன. முகங்களில் மதிப்பும் உண்டு. ஆயினும் ஒரு வேறுபாடு நம்மை உறுத்துகின்றது. இங்கிலாந்துப் பெரியோரின் படங்களுக்கு அவர்தம் பெயரே தலைப்பாயிற்று. இங்குள்ளோரின் படங்களோ, ‘களுத்துறைக் குடியானவர் கூட்டம்’ என்றாற்போல, பெரும்பாலும் பெயரின்றியே நிற்கின்றன. நம் அகப்பாட்டிலும் தலைமக்களுக்குப் பெயர் இல்லையே எனின், அது வேறு. படிப்பவர் எவரும் தம்மை அங்கு வைத்துக் காணுதற்காக ஆண்டுப் பெயர் விலக்கப்பட்டது. ஈண்டோ எவரும் கேட்டு எழுதாமையால் அது இல்லாதொழிந்தது. அம்மையாரின் அன்பை நாம் ஐயுறவேண்டுவதில்லை. ஆயினும் கருவி நின்ற இடம் துரையின் பங்களா முற்றமேயன்றோ?

தமிழ் எழுத்தாளர் இத்தோட்டங்களை நோக்கியபோது முதலில் கடல் கடந்தே நோக்கினர். 1930களில் புதுமைப்பித்தன் எழுதிய ‘துன்பக்கேணி’ திருநெல்வேலிச் சீமைப் பெண் மருதியைத் தேயிலைத் தோட்டத்திற்கு அனுப்புகின்றது. அக்கதையின் சினமும் இரக்கமும் மறுக்கவொண்ணாதன. எனினும் தோட்டம் அதில் ஒரு வாழிடமாக அன்றி, ஊரிலிருந்து சென்றவர் வீழும் கேணியாகவே காட்சியளிக்கின்றது. சென்றவரின் பேரப்பிள்ளைகள் அங்கேயே பிறந்து அதனையே தம் ஊர் என்பர் என்பது அந்த இடத்தில் நின்று பார்த்தார்க்குப் புலப்படாது.

அவ்வாறு பிறந்தவருள் ஒருவரே சி. வி. வேலுப்பிள்ளை. மடக்கொம்பரைத் தோட்டத்தில் 1914இற் பிறந்தவர். 1947இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து முதலாவது பாராளுமன்றத்துக்குச் சென்றவர். மறு ஆண்டே குடியுரிமைச் சட்டம் அவர்தம் மக்களுட் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. அவர் தோட்ட மக்களைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு நெடுங்கவிதை இயற்றினார். இம்மக்களின் உழைப்பும் சாவும் இந்நாட்டு மண்ணோடு கலந்தவை என்பதை ஆண்டோர்க்கும் ஆள்வோர்க்கும் விளங்கும் மொழியிலே கூறவேண்டியிருந்தது. அக்கவிதை சக்தி பாலையாவால் ‘தேயிலைத் தோட்டத்திலே’ எனத் தமிழாக்கப்பெற்று 1969இல் வெளிவந்தது. அப்போது நிகழ்ந்த மாற்றம் நுட்பமானது. பிறர்க்கு எடுத்துரைத்த முறையீடு, தம்மவர் தமக்குள்ளே கேட்கும் குரலாயிற்று. மொழி பெயர்ந்ததோடு கேட்போர் இடமும் பெயர்ந்தது. மலைநாட்டு வாய்மொழிப் பாடல்களையும் சி. வி. திரட்டி நூலாக்கினார். எழுத்தறியாத பெண்கள் கங்காணியையும் துரையையும் எவ்வாறு கண்டனர் என்பதற்கு அப்பாடல்களிலும் நேரான சான்று வேறில்லை.

என். எஸ். எம். இராமையாவின் ‘ஒரு கூடைக் கொழுந்து’ என்னும் சிறுகதைக்கு வரும்போது நோக்கு இன்னும் அணுக்கமாகின்றது. ஒரு பெண் பறித்த கொழுந்தின் நிறை பற்றிப் பிறர்க்கு ஐயம் எழுகின்றது. அவ்வையத்தை அவள் தன் கைத்திறத்தாலேயே தீர்க்கின்றாள். துயரத்தின் பட்டியல் இக்கதையில் இல்லை. தராசைச் சுற்றி நிற்போரின் பேச்சும், விரைந்து கொய்யும் விரல்களும், தன் மானத்தைக் காக்கத் துணிந்த ஒருத்தியும் உள்ளனர். வெளியார்க்கு இவள் இரங்கத்தக்கவள். நிரையில் உடன் நிற்பார்க்கோ வேலையில் மிக்கவள். எம் கருத்தில் மலையகப் புனைகதையின் திருப்புமுனை இதுவே.

திரைப்படம் இவ்வழிக்குக் காலந்தாழ்த்தியே வந்தது. 1975இல் வெளிவந்த ‘புதிய காற்று’ என்னும் ஈழத்துத் தமிழ்ப் படத்தைத் தொழிற்சங்கவாதியாகிய வி. பி. கணேசன் தயாரித்தார்; எழுத்துப் பணியில் தெளிவத்தை ஜோசப் துணை நின்றார். தோட்டத்தை உள்ளிருந்து அறிந்தோர் கையிற் படக்கருவி சேர்ந்தது என்பதே அதன் சிறப்பு. சிறீமா – சாஸ்திரி உடன்படிக்கை 1964இல் 9,75,000 மக்களைக் கணக்கிட்டு, 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டுச் சில ஆண்டுகளே கழிந்திருந்தன. எண்ணாகிவிட்ட மக்களுக்கு முகம் தருதல் அக்காலத்தில் எளிய செயலன்று.

நோக்கு எப்போதும் வளர்முகமாகவே செல்லும் எனக் கொள்ளுதலும் தவறு. தமிழ்நாட்டு மலைத்தோட்டங்களில் மருத்துவராயிருந்த பி. எச். டானியல் 1969இல் ‘ரெட் டீ’ என்னும் ஆங்கில நாவலை வெளியிட்டார். இரா. முருகவேள் அதனை ‘எரியும் பனிக்காடு’ எனத் தமிழாக்கினார். அதனைத் தழுவி இயக்குநர் பாலா 2013இல் ‘பரதேசி’யை எடுத்தார். நாவலில் வரும் மருத்துவர் ஆபிரகாம் நோயாளரின் நிலையை உணர்ந்து அதனை மாற்ற முயல்பவர். தொழிலாளரை நாம் பெரிதும் அவர் கண்வழி அறிகின்றோம். படமோ தொழிலாளியின் பக்கம் பெயர்ந்து நிற்கின்றது. தோட்டத்தை விட்டு மீளமுடியாது தவிக்கும் இளைஞன், தன் மனைவியும் குழந்தையும் அதே தோட்டத்துக்குள் வந்து சேர்வதைக் காணும் இறுதிக் காட்சி நாவலாசிரியரின் மருத்துவ விடுதியில் நின்று பார்த்தாற் கிட்டியிராது. ஆனால் அவ்விடப்பெயர்ச்சிக்கு விலையாக மருத்துவர் ஒரு கேலிப்பாத்திரமாய், ஆடிப்பாடி மதம் பரப்புபவராய்ச் சுருங்கினார். ஒருவர் முகத்தைத் துலக்கிய கருவி மற்றொருவர் முகத்தை மங்கச் செய்தது. அவர் படத்தில் அவ்வாறு தோன்றியதைக் கண்டு, மூலநூலைப் படித்திருந்தோர் பலர் வருந்தினர்.